பத்தில் ஒருவர் தண்டனை (ஹோகார்த் செதுக்கோவியம்)

பண்டைய ரோமானியப் படையில் வழங்கிய, பத்தில் ஒருவரைக் கொல்லும் மிகக் கொடிய தண்டனையைப் பொருளாகக் கொண்ட இச்செதுக்கோவியம், ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் (1697–1764) படைத்தது. ஜான் பீவர் எழுதி 1725இல் லண்டனில் வெளிவந்த 'ரோமானியப் படைத் தண்டனைகள்' என்னும் நூலுக்காக அவர் பொறித்த சிறு படங்களுள் ஒன்று.

ஓவியரும் முறையும்

லண்டனில் பிறந்த ஹோகார்த், வெள்ளிப் பொருள்களில் சித்திரம் பொறிக்கும் எல்லிஸ் கேம்பிளிடம் தொழில் பழகி, 1720இல் தனித் தொழில் தொடங்கினார். தந்தை ரிச்சர்ட் இலத்தீன் ஆசிரியர். இலத்தீனில் உரையாடுவோருக்கென்றே காப்பிக்கடை நடத்தி நொடித்து, கடனுக்காகச் சிறைப்பட்டவர். ரோமானியக் கதைகள் ஹோகார்த்துக்கு வீட்டிலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும்.

இவ்வகை ஓவியத்துக்குச் செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் இடுவர். மெழுகு விலகிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் படம் பதியும்.

தண்டனையின் வரலாறு

இத்தண்டனையைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விரிவாகப் பதிவு செய்துள்ளார். பெருந்தொகையான வீரர்கள் களத்தை விட்டு ஓடினால், அனைவரையும் கொல்வது படைக்கே இழப்பு. ஆகவே டிரிப்யூன் என்னும் அதிகாரி படையைக் கூட்டி, குற்றவாளிகளை முன்னிறுத்திக் கடிந்துகொள்வார். பிறகு சீட்டுக் குலுக்கி ஏறத்தாழ பத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பர். அவர்கள் தடியடியால் கொல்லப்படுவர். இந்தத் தடியடித் தண்டனையில் டிரிப்யூன் குற்றவாளியைத் தடியால் மெல்லத் தொடுவார். உடனே முகாமிலிருந்த சக வீரர்களே தடியும் கல்லுமாகப் பாய்வர். சீட்டில் தப்பியவர்களுக்கோ கோதுமைக்குப் பதிலாக பார்லி. உறங்கும் இடமும் முகாம் அரணுக்கு வெளியே. சீட்டு யார்மேல் விழுமோ எனக் குற்றவாளிகள் அனைவரும் ஒருங்கே அஞ்சும்படி அமைந்ததே இதன் கொடுமை.

பதிவான முதல் நிகழ்வு கி.மு. 471இல், வோல்சியர் என்னும் இனத்தாருடனான போரில் ரோமானியக் கான்சல் அப்பியஸ் கிளாடியஸின் ஆணையால் நடந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். நெடுங்காலம் வழக்கொழிந்திருந்ததை, ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைக் கிளர்ச்சியை (கி.மு. 73–71) அடக்கச் சென்ற தளபதி கிராசஸ் மீண்டும் கொண்டுவந்தார்; புறங்காட்டிய 500 பேரில் 50 பேர் மாண்டனர். கி.மு. 36இல் பார்த்தியா மீதான படையெடுப்பின்போது மார்க் ஆண்டனியும், கி.பி. 20இல் ஆப்பிரிக்காவில் அப்ரோனியஸும் இதைக் கையாண்டனர்.

பிற்காலம்

செதுக்கோவியர்களின் உரிமையைக் காக்க 1735இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஹோகார்த்தின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. காப்புரிமை நீங்கிய இப்படம் இன்று இத்தண்டனை பற்றிய கட்டுரைகளில் பயன்படுகிறது.