கடாரத்தில் கோட்டை தேடினோம்

போன ஞாயிறு கோயில் தொண்டர்கள் நாங்க வேன் எடுத்து, பாலம் தாண்டி, கெடா மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனோம். சாண்டில்யனின் ‘கடல் புறா’ படிச்சு வளர்ந்தவங்க. கடாரம்னா கோட்டை கொத்தளம்தான் மனசுல.

அங்க புக்கிட் பத்து பகாட் சண்டியில் இருப்பது கருங்கல் அடித்தளமும், தூண் நிறுத்தக் குழிவெட்டிய கற்களும்தான். அதையும் 1959-60ல் அலஸ்டர் லாம்ப் அடுக்கி நிறுத்தினார். “இவ்வளவுதானா?”ன்னு பிள்ளைங்க கேட்டாங்க. குழிவெட்டின நேர்த்தியைப் பார்த்து ஃபேக்டரிக்காரங்க நாங்க மட்டும் நகரலை.

ராஜேந்திர சோழர் கட்டினதுன்னு சிலர் சொல்றாங்க. 1025ல் அவர் கடாரத்தின் மேல் படையெடுத்தார். மெய்க்கீர்த்தியும் கடாரத்தைக் கொண்டதாத்தான் சொல்லுது, கோயில் கட்டினதா இல்லை. நம்ம செபராங் பிறையில் கிடைத்த மாலுமி புத்தகுப்தன் கல்வெட்டு 5ஆம் நூற்றாண்டு. சோழர் படை வர்றதுக்கு 500 வருஷம் முந்தியே இங்க கப்பலும் வழிபாடும் இருந்திருக்கு.

2013ல் இதே பள்ளத்தாக்கில் ஒரு சண்டியை வீடமைப்புக்காக இடிச்சுட்டாங்க. கதையில வர்ற கோட்டை மாதிரி இருந்திருந்தா கை வச்சிருப்பாங்களா?