எந்தக் கப்பலுக்குக் கதவு திறந்தது?

யூலை 14ஆம் திகதி இரவு பலெர்மோ நகரம் உறங்குவதில்லை. தலைமைத் தேவாலயத்திலிருந்து கடற்கரை வரைக்கும் கசாரோ வீதி நெடுகிலும் சாந்தா ரொசாலியாவின் தேர் இழுத்துவரப்படும். நாற்சந்தியில் நகர முதல்வர் தேரிலேறிப் புனிதைக்கு மலர் சாத்துவார். கடற்கரையில் வாணவேடிக்கை, அவித்த நத்தை, வத்தகப்பழம். 1980களிலிருந்து இங்கு வந்து சேர்ந்த எமது மக்களும், கத்தோலிக்கர் சைவர் என்ற வேறுபாடின்றி, இத்திருவிழாவில் கலந்துகொள்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெல்லெகிரினோ மலையேறி அவளது குகைக்குச் செல்கின்றனர்.

2020ஆம் ஆண்டு யூலையில் அந்த வீதியில் சனம் இல்லை. கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாகச் சொல்லப்படுபவளின் திருவிழாவையே கொள்ளைநோய் முடக்கிவிட்டது என்று அப்போது பலரும் எழுதினார்கள். இந்த முரண்நகை எளிதில் கண்ணிற்படுவது. அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கின்றது, அதுவே இக்கட்டுரையின் அக்கறை. ரொசாலியாவின் கதையை நாம் எமது பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறோம்? நோய் வந்தது, எலும்புகள் கிடைத்தன, நோய் போனது. 'நோய் வந்தது' என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு கப்பல் மறைந்து கிடக்கின்றது.

1624 மே மாதம் துனிஸிலிருந்து ஒரு கப்பல் பலெர்மோவுக்கு வந்தது. அதில் வட ஆபிரிக்காவில் அடிமைப்பட்டிருந்து பணம் கொடுத்து மீட்கப்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கூடவே, சிசிலியை ஸ்பானிய அரசனின் பெயரால் ஆண்ட இராஜப்பிரதிநிதி, சவோய் குடும்பத்து எமானுவேலே பிலிபெர்த்தோவுக்கு அனுப்பப்பட்ட பரிசுப்பொருட்களும் இருந்தன. துனிஸில் நோய் என்ற சந்தேகம் ஏற்கெனவே நிலவியது. அப்படி இருந்தும் கப்பல் உள்ளே விடப்பட்டது, பொருட்கள் இறக்கப்பட்டன. சில வாரங்களில் நகரில் அரையாப்புக் கட்டிகளோடு மனிதர் சாகத் தொடங்கினர்.

இது அறியாமையினால் நிகழ்ந்ததென்று சொல்லித் தப்பமுடியாது. அரை நூற்றாண்டுக்கு முன்னர், 1575-76இல், இதே நகரம் இதே நோயைக் கண்டிருந்தது. அப்போது சிசிலியின் தலைமை வைத்தியராயிருந்த ஜொவான்னி பிலிப்போ இங்கிராசியா தனது அனுபவத்தை 1576இல் நூலாக்கினார். அறிஞரின் இலத்தீனில் அல்ல, மக்கள் மொழியில். பொன், நெருப்பு, தூக்குமரம் என்ற மூன்றுமே கொள்ளைநோய்க்கு மருந்து என்பது அவரது நிலைப்பாடு. செலவுக்குப் பொன், தொற்றுப்பட்ட பொருட்களை எரிக்க நெருப்பு, விதி மீறுவோருக்குத் தூக்குமரம். நோர்மன் அரசர் கோடையில் இளைப்பாறக் கட்டிய கூபா மாளிகையைக்கூட அவர் காலத்தில் நோயாளர் விடுதியாக்கினார்கள். ஆகவே 1624இல் பலெர்மோவிடம் எழுதப்பட்ட அறிவு இருந்தது, துறைமுகச் சுகாதார ஒழுங்குகள் இருந்தன. அவ்வொழுங்குகள் அரண்மனைக்குப் போகும் பெட்டிகளின் முன்னால் வளைந்துகொடுத்தன, அவ்வளவுதான். தூக்குமரம் யாருக்கு, விலக்கு யாருக்கு என்ற கேள்விக்கு இங்கிராசியாவின் நூலில் பதில் தேடவேண்டியதில்லை.

அந்தக் கோடையின் அன்றாடத்தைச் சற்று எண்ணிப்பார்க்கலாம். ஆபிரிக்காவிலிருந்து வீசும் ஷிரொக்கோ எனும் வெங்காற்றை இங்கு வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எமது சோளகத்தைப்போல அது உடலை ஆற்றும் காற்றல்ல. அதிலிருந்து தப்பப் பிரபுக்களின் மாளிகைகளில் நிலத்தைக் குடைந்து அமைத்த 'ஷிரொக்கோ அறைகள்' இருந்தன. நிலத்தடி வாய்க்கால் நீரின் குளிர்ச்சியில் அங்கே நாளைக் கழிக்கலாம். ஏழைகளுக்கு இருந்தது 'கத்தோயோ'. தெருமட்டத்தில் ஒரேயொரு அறை, பெரும்பாலும் கதவே சாளரம். குடும்பமும் அதற்குள், கழுதையோ கோழியோ இருந்தால் அதுவும் அதற்குள். நோய் கண்ட வீட்டைப் பூட்டிக் காவல் போடுவது அக்காலத்து வழக்கமான நடைமுறை. சாளரமற்ற அந்த அறையின் ஒரே கதவையும் ஓகஸ்ட் வெயிலில் வெளியிலிருந்து அடைப்பதென்றால் உள்ளேயிருப்பவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும்? படுக்கையும் துணியும் எரிக்கப்பட்டன. ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் முழுச்சொத்தும் பெரும்பாலும் அவைதாம். இந்நோய் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருகின்றதென்பது 1898இல் கராச்சியில் பிரெஞ்சு வைத்தியர் சிமோன் கண்டறியும்வரை உலகுக்குத் தெரியாது. பூட்டிய வீட்டினுள் மனிதரோடு எலியும் தெள்ளும் பூட்டப்பட்டன.

அக்கோடையில் நகருக்குள் அகப்பட்டுக்கொண்டவர்களில் ஒருவர் ஓவியர் அந்தோனி வன் டைக். வயது 25. இராஜப்பிரதிநிதியின் உருவப்படம் வரைய வந்தவர். யூலை 12ஆம் திகதி அவர் தொண்ணூறு வயதைக் கடந்த, பார்வை மங்கிய ஓவியை சொபொனிஸ்பா அங்குவிசொலாவைச் சந்தித்துத் தமது குறிப்பேட்டில் அவளை வரைந்துகொண்டார். நோய் பரவும் நகரில் ஓர் இளைஞனும் ஒரு மூதாட்டியும் ஓவியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! அதற்கு மூன்று நாட்கள் கழித்து, யூலை 15இல், பெல்லெகிரினோ மலைக்குகையில் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. ஓகஸ்ட் 3ஆம் திகதி இராஜப்பிரதிநிதி அதே நோயினால் மாண்டார். தனக்கு வந்த பரிசுக் கப்பலின் நோயினாலேயே.

எலும்புகளின் வரலாறு நேரானதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நோர்மன் பிரபு குலத்திற் பிறந்து துறவு பூண்ட ரொசாலியாவினுடையவை அவை என்று மக்கள் நம்பினர். ஆட்சிப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட பேராயர் கர்தினால் ஜன்னெத்தினோ டோரியா அமைத்த முதலாவது ஆய்வுக்குழு கைவிரித்தது. எலும்புகள் ஒருவருடையவை அல்ல, மண்டையோடுகளில் எதுவும் பெண்ணுடையதாகத் தோன்றவில்லை என்றது. கர்தினால் இரண்டாவது குழுவை நியமித்தார். 1625 பெப்ரவரியில் அது ஒப்புதல் அளித்தது. அதே மாதம், மனைவியை நோய்க்குப் பறிகொடுத்த வின்சென்சோ பொனெல்லி என்ற சவர்க்காரத் தொழிலாளி, உயிரை மாய்த்துக்கொள்ள மலையேறியபோது புனிதை தன்முன் தோன்றி எலும்புகளை ஊர்வலமாக எடுக்கச் சொன்னாள் எனத் தெரிவித்துவிட்டுத் தானும் நோயிலேயே இறந்தார். யூனில் ஊர்வலம் நடந்தது. நகருக்கு அதுவரை காவலாயிருந்த அகத்தா, நின்பா, ஒலிவா, கிறிஸ்தீனா என்ற நான்கு புனிதைகளும் நாற்சந்தியின் மாடங்களில் இன்றும் நிற்கிறார்கள். தேர் ரொசாலியாவுக்குப் போயிற்று. ஊர்வலத்தோடு நோய் ஒரே நாளில் நின்றுவிடவுமில்லை.

பகுத்தறிவாளரான எமது நண்பர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் புவியியலாளர் வில்லியம் பக்லண்ட் அவை ஆட்டெலும்புகள் என்று சொன்னதாக ஒரு கதையும் அவர்களுக்கு உதவிக்கு உண்டு. இன்னொரு சாரார், சைவத் தமிழர் கிறிஸ்தவக் குகையில் கும்பிடுவதை மத நல்லிணக்கத்தின் அடையாளமாகப் படம்பிடித்துப் போடுவார்கள். இரு தரப்பாரும் பொனெல்லியைக் கவனிப்பதில்லை. வைத்தியரும் இறையியலாளரும் கர்தினாலும் மாதக்கணக்கில் விவாதித்த ஒரு விடயத்தில், எல்லாவற்றையும் இழந்த ஒரு சவர்க்காரத் தொழிலாளி தன் சொல்லைக் கொண்டுபோய் வைக்கின்றான், அதிகாரம் அதைத் தனக்குத் தேவையான நேரத்தில் எடுத்துக்கொள்கின்றது. கொப்புளிப்பானை 'அம்மாள் வருத்தம்' என்றழைத்து வாசலில் வேப்பிலை செருகிய சமூகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் குகை அந்நியமாகப் படாததில் வியப்பில்லை. வெக்கையோடு வரும் நோயையும் பெண்தெய்வத்தையும் நாம் கூடவேதான் கொண்டுவந்தோம்.

1837இன் கோடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யூன், யூலை மாதங்களில் வாந்திபேதி பலெர்மோவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அறிஞர் டொமெனிக்கோ ஷினாவும் அதிலேயே மாண்டார். அம்முறை சிசிலிய மக்கள், நோய் கப்பலில் வரவில்லை, நேப்பிள்ஸ் அரசே நஞ்சைத் தூவுகின்றது என்று நம்பினார்கள். தீவின் பல ஊர்களில் கலகம் வெடித்தது. வதந்தி பொய்தான், ஆனால் ஓர் ஆட்சியை மக்கள் எந்த அளவுக்கு நம்பினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடையாது. இறந்தோரைப் புதைக்கப் பெல்லெகிரினோ மலையடிவாரத்தில், கடலோரமாக ரோத்தொலி சேமக்காலை அவ்வாண்டு திறக்கப்பட்டது.

இனி 2020. பலெர்மோவின் முதல் கொரோனாத் தொற்று பெப்ரவரி இறுதியில் பெர்கமோவிலிருந்து வந்த ஓர் உல்லாசப் பயணியிடம் கண்டறியப்பட்டது. வடக்கிலிருந்து, பணம் செலுத்தி, விடுதியில் அறையெடுத்து வந்தது நோய். மார்ச்சில் நாடு பூட்டப்பட்டது. வசதி படைத்தோரின் வீடுகளைத் துப்புரவாக்கியும் வயோதிபரைப் பராமரித்தும் வாழும் எமது மக்களிற் பலருக்கு அப்பூட்டு வேறுவிதமாக விழுந்தது. மார்ச் 17ஆம் திகதிய அவசரச் சட்டம் வேலைநீக்கத்தைத் தடைசெய்தபோது வீட்டுப் பணியாளர்களை அத்தடைக்குள் சேர்க்கவில்லை, சம்பள ஈட்டுத் திட்டத்திற்குள்ளும் சேர்க்கவில்லை. மே மாதத்தில், பதிவுள்ள வேலையும் வாரத்துக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தமும் உள்ளவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களுக்கென 500 யூரோப்படி கிடைத்தது. 'கறுப்பில்' வேலை செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. அதே மே மாதச் சட்டம் விவசாயம், பராமரிப்பு, வீட்டுப்பணி ஆகிய துறைகளில் பதிவற்றோரைப் பதியும் வாய்ப்பொன்றைத் திறந்தது. ஓகஸ்ட் 15 வரை ஏறத்தாழ 2,07,000 விண்ணப்பங்கள், அவற்றில் 85 வீதம் வீட்டுப்பணி சார்ந்தவை. அந்தக் கோடையில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அன்றாடம் எத்தகையது என்று கேட்டால், எசமானின் கையொப்பத்துக்காகக் காத்திருப்பது அதில் ஒரு பெரும் பகுதி என்பேன்.

துறைமுகத்தில் என்ன நடந்தது? ஏப்ரல் 7ஆம் திகதி இத்தாலிய அரசு தனது துறைமுகங்கள், வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல்கள் காப்பாற்றி வருவோருக்குப் 'பாதுகாப்பான இடம்' அல்ல என ஆணை பிறப்பித்தது. அதே மாதம் நடுக்கடலில் மீட்கப்பட்ட சுமார் 180 பேர், பலெர்மோவுக்கு வெளியே நங்கூரமிட்ட 'ரபாயெலே ரூபத்தினோ' என்ற பயணிகள் கப்பலில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். நகரத்தைப் பார்த்தபடி, நகரத்துக்கு வெளியே. கோடையில் துனிசியாவிலிருந்து சிறு படகுகள் கூடியபோது, சிசிலிப் பிராந்தியத் தலைவர் நெல்லோ முசுமெச்சி ஓகஸ்ட் 22ஆம் திகதி தீவிலுள்ள குடியேறிகள் முகாம்கள் அனைத்தையும் காலிசெய்து அவர்களை வெளியேற்றுமாறு ஆணையிட்டார். காரணம், தொற்று. ஐந்து நாட்களில் பலெர்மோ நிர்வாக நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அதே ஓகஸ்டில் மால்டா, கிரேக்கம், ஸ்பெயின் ஆகிய நாடுகளில் விடுமுறை கழித்துத் திரும்பிய சிசிலியரும் தனிமைப்படுத்தப்பட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஆனால் அவர்கள் தத்தம் வீடுகளில் இருந்தார்கள். ஒக்ரோபரில் ஐவரி கோஸ்டைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவனொருவன் இத்தகைய தனிமைப்படுத்தற் கப்பலொன்றிலிருந்து நோயுற்ற நிலையிற் கொண்டுவரப்பட்டுப் பலெர்மோ வைத்தியசாலையில் இறந்தான்.

1624இல் துனிஸிலிருந்து வந்த கப்பலையும் 2020இல் துனிசியாவிலிருந்து வந்த படகுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நோயைப் பற்றிய அச்சம் கப்பலின் திசையைப் பார்ப்பதில்லை, அதில் யாருக்கான சரக்கு இருக்கின்றதென்பதையே பார்க்கின்றது என்று எனக்குத் தோன்றுகின்றது. தனிமைப்படுத்தலே அநியாயம் என்று நான் வாதிடவில்லை. 1624இல் அது முறையாக நடந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

இந்த அனுபவம் எமக்குப் புதிதுமல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்கென மறிக்கப்பட்டார்கள். 1980களிலிருந்து எதிர்த்திசையில் கடல் கடந்த எமது அகதிகள் அடைக்கப்பட்டதும் அதே மண்டபத்தில்தான். நோயாளியாகச் சந்தேகிக்கப்படுபவனும் அகதியும் ஒரே நிலத்தில் இருத்தப்படுவது தற்செயல் என்று நம்புவது கடினம்.

வன் டைக் பின்னர் அனுப்பிவைத்த 'செபமாலை அன்னை' ஓவியம் சான் டொமெனிக்கோ செபக்கூடத்தில், வுச்சிரியா சந்தைக்குப் பக்கத்தில் இருக்கின்றது. மேலே அன்னை, கீழே புனிதர்களோடு ரொசாலியா, அவர்களது காலடியில் ஒரு சிறுவன். அவன் மண்டையோடொன்றிலிருந்து விலகி மூக்கைப் பொத்திக்கொள்கின்றான். 2021 ஓகஸ்ட் 11ஆம் திகதி இத்தீவின் புளோரிடியாவில் 48.8 பாகை வெப்பம் பதிவானது, ஐரோப்பாவில் அதுவரை பதிவானவற்றில் மிக உயர்ந்தது. அந்தக் கோடையில் ரோத்தொலி சேமக்காலையில், தகனசாலை பழுதுபட்டும் நிலம் போதாமலும் நிர்வாகச் சீர்கேட்டினாலும், நூற்றுக்கணக்கான சவப்பெட்டிகள் புதைக்கப்படாமல் கூடாரங்களின் கீழ் அடுக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றுக்கு மேலேதான் ரொசாலியாவின் மலை.