கொடைக்கானல் இரும்புக் கல்லும் நான் தவறாகச் சொன்ன பாடமும்



விண்கல் பாடம் நடத்தும்போதெல்லாம், "எல்லா விண்கற்களும் ஒரே வயது, சூரியக் குடும்பத்தின் வயதான சுமார் 456 கோடி ஆண்டுகள்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே பரீட்சையில் எழுதினீர்கள். அது முழுவதும் சரியில்லை. அதைத் திருத்தும் கல் நம் மாவட்டத்திலேயே கிடைத்தது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

1898-இல் பழனி மலையில் சுமார் 16 கிலோ எடையுள்ள ஒரு இரும்பு விண்கல் கண்டெடுக்கப்பட்டது. அப்போது இது மதுரை மாவட்டம்; திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்தான். 'கொடைக்கானல்' என்பதே அந்தக் கல்லின் பெயர். 2008 செப்டம்பர் 12 அன்று சூளகிரியில் விழுந்த கல்லைப்போல அல்லாமல், இது விழுந்ததைப் பார்த்தவர் யாருமில்லை.

இரும்புக் கல்லுக்கு வயது பார்ப்பது எளிதல்ல. ஆனால் இந்த இரும்புக்குள் கண்ணாடி போன்ற சிலிக்கேட் துணுக்குகள் சிக்கியிருந்தன. அவற்றில் ரூபிடியம் இருந்தது. ரூபிடியம்-87 மிக மெதுவாக ஸ்ட்ரான்சியமாக மாறும். பாதியாகக் குறையவே சுமார் 4,900 கோடி ஆண்டுகள் ஆகும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் கால்டெக்கில் பர்னெட், வாஸர்பர்க் என்ற இருவர் அளந்து, 1967-இல் முடிவை வெளியிட்டார்கள்: 380 கோடி ஆண்டுகள். சூரியக் குடும்பம் உருவாகி எழுபது கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அந்தத் துணுக்குகள் உருகி உறைந்திருக்கின்றன. ஏதோ ஒரு குறுங்கோளின்மேல் நடந்த பெரிய மோதலே காரணம் என்று கருதுகிறார்கள். நிலவிலும் பெரும் பள்ளங்கள் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் விழுந்தன என்று அப்போலோ கொண்டுவந்த கற்கள் காட்டின.

எத்தனையோ மாலைகளில் வகுப்பு ஜன்னல் வழியே மேற்கே அந்த மலையைக் காட்டியிருக்கிறேன். அங்கே கிடைத்ததைச் சொல்லாமல் விட்டேன். உங்கள் பிள்ளைகளுக்காவது சரியாகச் சொல்லிக் கொடுங்கள். வாத்தியார் சொன்னதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.