தாப்பாக் களை: கேமரன் மலையின் மண் ஆர்கிட்



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், வெட்டுண்ட மண்சரிவுகளின்மேல் நாணலைப் போல் ஆளுயரம் வளர்ந்து, நுனியில் வெண்மையும் ஊதாவும் கலந்த பூவைத் தாங்கி நிற்கும் ஒரு செடியைப் பலரும் கண்டிருப்பர். அதனை ஆர்கிட் என்றால் மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை. மரத்தில் ஒட்டி வளர்வதே ஆர்கிட் என்பது அவர்கள் எண்ணம். இதுவோ மண்ணில் வேரூன்றி வாழ்வது. அருண்டினா கிராமினிஃபோலியா என்பது அறிவியற் பெயர். இலத்தீனில் ‘அருண்டோ’ என்றால் நாணல். பின்னது புல்லிலை உடையது எனப் பொருள்படும். பொதுவழக்கில் மூங்கில் ஆர்கிட் என்பர்.

ஆனால் இந்நாட்டில் ஆங்கிலத்தில் வழங்கும் வேறு இரண்டு பெயர்களே வரலாறு பேசுகின்றன: ‘கிந்தா வீட்’, ‘தாப்பா வீட்’. வீட் என்றால் களை. இலங்கை, இந்தியா முதல் பசிபிக் தீவுகள் வரை பரவிய இச்செடிக்குப் பேராக்கின் இரண்டு இடப்பெயர்கள் ஏன் ஒட்டிக்கொண்டன?

விடை மண்ணில் இருக்கிறது. இதன் விதைகள் தூசியை ஒத்தவை, காற்றில் பறப்பவை. முளைக்கும் விதைக்குத் தன்னுள் உணவில்லை. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சையே ஊட்டுகிறது. வளர்ந்தபின் வேண்டுவது நிறைந்த வெயில். சத்தற்ற மண்ணையும் இது பொறுத்துக்கொள்ளும். காடு திறக்கப்பட்டு நிலம் கிளறப்பட்ட இடமே இதற்குத் தோதானது. கிந்தாப் பள்ளத்தாக்கில் அவ்வாறு நிலத்தைக் கிளறியவை ஈய லம்பங்கள், தாப்பாவில் மலைச்சாலை. அப்பெயர்கள் நிலம் வெட்டப்பட்ட கதையின் தடயங்கள் என்றே நான் கொள்கிறேன்.

வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தது 1885இல். நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாழிடம் அமைக்கும் திட்டம் உருப்பெற்றது. 1926இல் தாப்பாவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கினர். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சரிவுகளில் காடழிந்து தேயிலை எழுந்தது. அவ்வுழைப்பில் நம் தமிழ் முன்னோர்க்குப் பெரும்பங்கு உண்டு என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காட்டின் நிழலையும் ஈரத்தையும் நம்பி வாழ்ந்த சிறு ஆர்கிட்கள் வெட்டிய இடங்களில் மறைந்தன. வெயிலை விரும்பும் இது தங்கியது. தேயிலை நிரைகளுக்கிடையே முளைத்தால் மட்டும் வேண்டாத களையாகும்.

பயன் என்ன என்று பெற்றோர் வினவலாம். சீனாவின் யூனான் மாநிலத்தில் தை இனத்தார் இதனை நச்சுமுறி மூலிகையாகக் கொள்கின்றனர். நம் நாட்டுமருந்துக் கடைகளில் விற்கும் சாலாமிசிரியும் மண் ஆர்கிட் கிழங்குதான். ஆயின் அது வேறு இனங்களுக்குரியது. இரண்டையும் ஒன்றெனக் கருதி எவரும் வேரைப் பிடுங்கிக் காய்ச்சிக் குடிக்க வேண்டா.

பள்ளித் தோட்டத்திற்கு இதைவிட எளிய ஆர்கிட் இல்லை எனலாம். தண்டின் கணுவில் குட்டிச் செடிகள் தோன்றும். அவை வேர்விட்ட பின் நறுக்கி, நீர் தேங்காத மண்ணில், நல்ல வெயிலில் நடலாம். புதரைப் பிரித்தும் நடலாம். ஒரு பூ சில நாளே நிற்கும், அடுத்தது தொடரும். நாற்றைச் செடி விற்பவரிடம் வாங்குங்கள். வனக் காப்பகத்திலிருந்து உரிமமின்றி எடுப்பது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி குற்றம்.

ஒரு வேண்டுகோள். தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பாட்டிமார் இச்செடியை எப்பெயரிட்டு அழைத்தனர்? தாப்பாவிலோ ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ உறவினர் உள்ள மாணவர்களைக் கேட்டுவரச் சொல்லுங்கள். கிடைக்கும் பெயரை, சொன்னவரின் தோட்டத்துப் பெயரோடு குறித்து எனக்கு அனுப்பிவையுங்கள்.