சுவரில் மறைந்த பெயர்கள்: சிறைவாசிகளின் கலையும் நாமும்

சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை நாம் எத்தனையோ முறை கடந்து சென்றிருப்போம். 1856ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று, 1861இல் முதல் வழிபாடு கண்ட அக்கட்டடத்தை எழுப்பியவர்கள், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் நார் ஊறிய நீர் சேர்த்துக் குழைத்த மதராஸ் சுண்ணச்சாந்தே உட்சுவர்களுக்குப் பொலிவு தந்தது. கட்டடத்தை வடிவமைத்த ரொனால்ட் மெக்பெர்சனின் பெயரை வரலாறு போற்றி வைத்துள்ளது. சாந்து பூசியோரின் பெயர்களை நாம் அறியோம்.

அடைபட்டோரின் கைத்திறனைப் பயன்படுத்திக்கொள்வது பழைய வழக்கம். அதனைக் கலையென ஏற்று, பொதுமக்கள் காணும் கூடத்தில் வைப்பது பிற்காலத்தது. அதற்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் எழுத்தாளர் ஆர்தர் கெஸ்ட்லர். ஹங்கேரியில் பிறந்த அவர், 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது கைதாகி, செவில் நகரச் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்தார். விடுதலை பெற்ற பின்னரும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அடைத்து வைக்கப்பட்டார். தனிமை மனத்தை அரிப்பதைத் தாமே பட்டறிந்த அவர், 1962இல் பிரிட்டனில் சிறைவாசிகளின் படைப்புகளுக்குப் பரிசளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். 2008 முதல் லண்டன் சவுத்பேங்க் மையத்தில் அப்படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டு வருகின்றன.

இங்கு ஒரு வினா எழுவது நியாயமே. குற்றத்தால் துன்புற்றோர் நம்மிடையே வாழும்போது, குற்றம் புரிந்தவரின் ஓவியத்தை நாம் பாராட்டலாமா? அக்கண்காட்சி இவ்வினாவைப் புறக்கணிக்கவில்லை. படைப்பாளியின் பெயர் பொதுவாக வெளியிடப்படுவதில்லை. விற்பனைத் தொகையில் ஒரு பங்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புக்கும் வழங்கப்பட்டு வந்துள்ளது. ஓவியம் பாராட்டப்படுவதால் குற்றம் மறக்கப்படுவதில்லை. குற்றத்தின் காரணமாக ஓவியம் மறைக்கப்படுவதுமில்லை.

தேவாலயச் சுவரிலும் பெயரில்லை, லண்டன் கூடத்திலும் பெயரில்லை. எனினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னது, எழுதி வைக்க எவரும் எண்ணாததால் அழிந்த பெயர். பின்னது, பாதிக்கப்பட்டோரையும் படைப்பாளியையும் கருதிக் காக்கப்படும் பெயர். லண்டனில் ஓவியத்தைக் கண்டு நெகிழ்ந்தவர் எழுதும் சில வரிகள், சிறைக்குள் இருக்கும் படைப்பாளியைச் சென்று சேர இயலும். தேவாலயத்தின் வெண்சுவர் முன் நின்று நாம் இன்று கூறும் பாராட்டோ, அதனைப் பூசியவர்களின் செவிக்கு எட்டப்போவதில்லை. அக்கடன் இன்னும் நம்மிடமே உள்ளது.