ஜப்பான் தூக்கி எறிந்ததும் திரும்ப எடுத்து வைத்ததும்

ஜப்பான் என்றதும் கிமோனோ, தேநீர்ச் சடங்கு, செர்ரிப் பூ, சாமுராய் வாள் என்று ஒரு வரிசை மனதில் ஓடும். கூடவே ஒரு பாராட்டும் வரும்: "புல்லட் ரயிலும் விட்டான், பழைய கோயிலையும் விடலை பாருங்க!" பாராட்டு சரிதான். ஆனால் பாதிக் கதை அதில் விட்டுப் போகிறது. அதே ஜப்பான் ஒரு காலத்தில் தன் புத்தர் சிலைகளை விறகாக எரித்திருக்கிறது!

முதலில் அதற்கு முந்தைய காலம். 1603 முதல் 1868 வரை தோகுகாவா ஷோகன்களின் ஆட்சி. இன்றைய டோக்கியோவுக்கு அப்போது எதோ என்று பெயர். அந்த ஊர்க் கடைகளில் விற்ற மர அச்சு ஓவியங்கள்தான் 'உகியோ-எ'. நாடக நடிகர்கள், அழகிகள், மல்யுத்த வீரர்கள், ஊர்க் காட்சிகள் என்று நம்மூர் சினிமா போஸ்டர், காலண்டர் படம் மாதிரியான சரக்கு. ஒரு படத்தின் விலை ஏறக்குறைய ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலை. முதல் போடுபவர் பதிப்பாளர். ஓவியர் வரைவார், இன்னொருவர் அதை செர்ரி மரப் பலகையில் செதுக்குவார், மூன்றாமவர் நிறத்துக்கு ஒரு பலகை வைத்து, இயந்திரமே இல்லாமல், கையால் தேய்த்தே அச்சிடுவார். லாபமும் நஷ்டமும் பதிப்பாளர் தலையில்.

உலகத்துக்கே தெரிந்த ஹொகுசாயின் பேரலைப் படம் 1831 வாக்கில் இப்படிப் பிறந்ததுதான். ஹொகுசாய்க்கு அப்போது எழுபது வயது. அந்த நீலச் சாயம்கூட ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம். 'அசல் ஜப்பான்' என்று நாம் நினைக்கும் படத்துக்குள்ளேயே வெளிநாட்டுச் சரக்கு! 1887-ல் வான்கோ பாரிஸில் உட்கார்ந்து ஹிரோஷிகேயின் அச்சுப் படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். 2023 மார்ச்சில் பேரலையின் ஒரு பிரதி நியூயார்க் ஏலத்தில் 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. நூடுல்ஸ் விலைக்கு விற்றவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்களோ!

1868-ல் ஷோகன் ஆட்சி கவிழ்ந்து மெய்ஜி பேரரசர் காலம் தொடங்கியது. மேற்கு நாடுகளைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற வேகம். ஷிண்டோவும் பௌத்தமும் பல நூற்றாண்டுகளாக ஒரே வளாகத்தில் கலந்து இருந்தவை. புதிய அரசு இரண்டையும் பிரிக்க உத்தரவிட்டது. உத்தரவு சொன்னது பிரிக்கத்தான். ஆனால் பல ஊர்களில் ஆட்கள் பௌத்த மடங்களுக்குள் புகுந்து உடைத்தார்கள், எரித்தார்கள், மணிகளை உருக்கினார்கள். வருமானம் போன கோயில்கள் சிலைகளையும் சுருள் ஓவியங்களையும் விற்று வயிறு வளர்த்தன. ஷோகன் தந்த மானியத்தில் வாழ்ந்த நோ நாடகக் கலைஞர்களுக்கு ஒரே நாளில் சம்பளம் நின்றது. பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். உமேவாகா மினோரு போன்ற சிலர் பிடிவாதமாக ஆடிக்கொண்டே இருந்ததால்தான் நோ பிழைத்தது.

1871-லேயே பழம்பொருட்களைக் காக்கச் சொல்லி அரசு ஆணை போட்டது. காகிதத்தில் போட்டது என்று சொல்லலாம். விஷயம் சூடு பிடித்தது 1880-களில்தான். 1878-ல் தத்துவம் கற்பிக்க டோக்கியோ வந்த அமெரிக்கர் எர்னஸ்ட் ஃபெனலோசாவும், அவருடைய மாணவர் ஒககுரா கக்குஸோவும் பழைய கோயில்களைச் சுற்றி கணக்கெடுத்தார்கள். 1884-ல் நாரா அருகே ஹோர்யூஜி கோயிலில், பல தலைமுறைகளாக யார் கண்ணிலும் படாமல் துணி சுற்றி வைத்திருந்த ஒரு கன்னோன் சிலையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தால் பூகம்பம் வரும் என்று துறவிகள் பயந்ததாக ஃபெனலோசா எழுதினார். நூற்றுக்கணக்கான கெஜம் துணியை அவிழ்த்தால் உள்ளே பொன் பூசிய ஏழாம் நூற்றாண்டு மரச்சிலை!

ஆனால் ஃபெனலோசாவை முழுக்கத் தூக்கி வைக்கவும் முடியாது. ஜப்பானியக் கலையைக் காப்பாற்றுங்கள் என்று பேசிய அதே மனிதர், தான் சேர்த்த ஓவியங்களை 1886-ல் ஒரு பாஸ்டன் பணக்காரருக்கு விற்றார். அவை இன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழைய கோயில்களைக் காக்கும் சட்டம் 1897-ல்தான் வந்தது.

ஜப்பானிலேயே இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் உண்டு. இசே ஷிண்டோ கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அப்படியே புதிதாகக் கட்டி, இரவு நேரத்தில் தெய்வத்தை அங்கே மாற்றுவார்கள். முதல் முறை 690-ல். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கு மேல் நின்றுபோய், மறுபடி தொடங்கி, 62-வது முறை 2013-ல் நடந்தது. அடுத்தது 2033. ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்துக்கு மேல் ஹினோக்கி மரங்கள் வேண்டும். அதற்காக 1923-ல் காடு வளர்க்க ஒரு திட்டம் போட்டார்கள். எத்தனை ஆண்டுத் திட்டம் தெரியுமா? 200 ஆண்டு! பழைய மரமும் வீணாவதில்லை. முக்கியமான தூண்கள் வாயில் வளைவாகும், மற்றவை வேறு கோயில்களுக்குப் போகும்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்மானம் ஆகிக்கொண்டே போகும். இசேயில் தேய விடாமல் பார்த்துக்கொள்வது தச்சர்களின் கைத்திறனை. இருபது வயதில் எடுபிடியாக வந்தவர் நாற்பதில் மேஸ்திரி, அறுபதில் மேற்பார்வை. 20 என்ற எண்ணுக்கு வேறு விளக்கங்களும் சொல்கிறார்கள். இந்த விளக்கம்தான் மனதுக்குப் பொருந்துகிறது.

1949 ஜனவரி 26-ல் அதே ஹோர்யூஜியின் பொன் மண்டபத்தில் தீப்பிடித்து, பழம்பெரும் சுவரோவியங்கள் கருகின. உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்களில் ஒன்று அது. நாடே அதிர்ந்து, 1950-ல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பொருளோடு நிற்காமல் திறமையையும் சொத்து என்றது. 1955-ல் முதல் கலைஞர்கள் தேர்வானார்கள். குயவர் ஹமாதா ஷோஜி அவர்களில் ஒருவர். மக்கள் இவர்களை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்பார்கள். அரசு ஆண்டுக்கு 20 லட்சம் யென் தருகிறது. பதிலுக்கு அவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கற்றுத் தர வேண்டும்.

பட்டம் கொடுத்தால் போதுமா, மூலப்பொருள் வேண்டாமா? மரக் கலங்களுக்கும் கோயில்களுக்கும் பூசும் 'உருஷி' ஒரு மரத்தின் பால். ஜப்பானில் செலவாகும் உருஷியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி, பெரும்பாலும் சீனாவிலிருந்து. தேசியப் பொக்கிஷக் கட்டடங்களைப் பழுதுபார்க்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்று 2015-ல் அரசு முடிவெடுத்தது. தேவை ஒரேயடியாக ஏறியது. ஆனால் ஒரு உருஷி மரம் பால் கீறும் அளவுக்கு வளரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒரு பருவம் முழுக்கக் கீறினால் கிடைப்பது சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். வடக்கே இவாத்தே மாநிலத்தின் ஜோபோஜி பகுதியில் இப்போது கன்று நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.