கைமாறிய பந்து



போன வாரம் செம்மேட்டில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். "ஐயா, வரலாற்றுப் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சே" என்றார். பக்கத்தில் அவர் மகன் கையில் கூடைப்பந்தோடு நின்றான். அதைப் பார்த்ததும் லுவோல் டெங் நினைவுக்கு வந்தார்.

1983 என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது இலங்கை. கறுப்பு ஜூலைக்குப் பிறகு ராமேசுவரம் கரைக்குப் படகு படகாக மக்கள் வந்தார்கள். அதே 1983-இல்தான் ஆப்பிரிக்காவில் சூடானிலும் உள்நாட்டுப் போர் மூண்டது. தெற்குப் பகுதிக்கு இருந்த தன்னாட்சியை அதிபர் நிமெய்ரி ரத்து செய்தார். நாடு முழுவதற்கும் இஸ்லாமியச் சட்டத்தை அறிவித்தார். தெற்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். 2005 வரை நீடித்த அந்தப் போரில் சுமார் 20 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

1985-இல் தெற்கே வாவ் என்ற நகரில், டிங்கா இனத்தில் பிறந்தவர் லுவோல் டெங். அப்பா ஆல்டோ டெங் அமைச்சராக இருந்தவர். ஆனாலும் போர் யாரை விட்டது? பிள்ளைகள் எகிப்துக்குத் தப்பிப் போனார்கள். அங்கேதான் மனூட் போலைச் சந்தித்தார்கள். அவரும் டிங்கா இனத்தவர். 7 அடி 7 அங்குல உயரம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளில் விளையாடியவர். சம்பாதித்ததில் பெரும்பகுதியைச் சூடான் அகதிகளுக்கே கொடுத்தவர். அவர் லுவோலின் அண்ணன் அஜூவுக்குப் பந்தாடக் கற்றுக்கொடுத்தார். சிறுவன் லுவோலுக்கும் வழிகாட்டியானார்.

பிறகு பிரிட்டன் அந்தக் குடும்பத்துக்கு அடைக்கலம் கொடுத்தது. லண்டனில் பிரிக்ஸ்டன் டாப்கேட்ஸ் என்ற குழுவில் லுவோல் விளையாடினார். 14 வயதில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். 2004-இல் என்.பி.ஏ. தேர்வில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டு, சிகாகோ புல்ஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஏறக்குறைய பத்து ஆண்டுகள். 2012, 2013 இரண்டு ஆண்டுகளிலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார்.

2012-இல் அவர் இடது மணிக்கட்டில் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு, அதே கையோடு லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஆடினார். ஐந்து ஆட்டத்தில் ஒன்றில்தான் அந்த அணி வென்றது. ஆனால் இடம் கொடுத்த நாட்டுக்கு அவர் தன் கடனைச் செலுத்திவிட்டார்.

பிறந்த மண்ணுக்கு? 2011 ஜூலை 9-ஆம் தேதி தெற்கு சூடான் தனி நாடானது. 2019-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற டெங், அந்நாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் தலைவரானார். கூரை போட்ட ஒரு கூடைப்பந்து அரங்கம்கூட அப்போது அங்கே இருக்கவில்லை. தன் கைப்பணத்தைப் போட்டு, உலகமெங்கும் சிதறிக் கிடந்த பிள்ளைகளைத் தேடிச் சேர்த்தார். கென்யாவின் அகதி முகாமில் பிறந்தவர் ஒருவர், ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர்கள் சிலர், அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் சிலர். 2023 உலகக் கோப்பையில் அந்த அணி ஆப்பிரிக்க அணிகளில் முதலிடம் பிடித்து, ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

2024 ஜூலையில் ஒலிம்பிக்குக்கு முன் லண்டனில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 101-க்கு 100 என்று ஒரே புள்ளியில்தான் தோற்றார்கள். பிறகு ஒலிம்பிக்கில் முதல் ஆட்டம், போர்ட்டோ ரிக்கோவுடன். தேசிய கீதத்துக்காக வீரர்கள் எழுந்து நின்றார்கள். ஒலித்ததோ சூடானின் கீதம்! எந்த நாட்டின் போருக்கு அஞ்சி அவர்களுடைய பெற்றோர் ஓடினார்களோ அந்த நாட்டின் கீதம். வீரர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சில நிமிடங்களில் தவறு திருத்தப்பட்டு அவர்களுடைய கீதம் ஒலித்தது. அந்த ஆட்டத்தை 90-க்கு 79 என்று வென்றார்கள். அடுத்த இரண்டிலும் தோற்று வெளியேறினாலும், உலகத்துக்கு அவர்கள் நாட்டின் பெயர் தெரிந்துவிட்டது.

இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு பையன் முகம் வரும். மலைக்கு மாறுதலாகி வருவதற்கு முன், கீழே ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்து படித்த பையன் அவன். பந்து கையில் கிடைத்தால் நாள் முழுக்க ஆடுவான். வெளியூர்ப் போட்டிக்கு அவனைக் கூட்டிப்போக முகாமில் அனுமதி வாங்க வேண்டும்; அதற்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். எழுதும் பொறுப்பு என்னுடையது. தேர்வு வேலை, அந்த வேலை, இந்த வேலை என்று நாளை கடத்தினேன். குழு அவன் இல்லாமல் போனது. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை. பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவன் டெங் ஆகியிருப்பான் என்று சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. ஆனால் மனூட் போலுக்கும்தான் தெரியாது. தெரியாமலேதான் அவர் சொல்லிக்கொடுத்தார்.

2021-இல் நம் அரசு அந்த முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்ல பெயர். உங்களில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்களாக, அலுவலர்களாக, விளையாட்டுப் பயிற்சியாளர்களாக இருக்கிறீர்கள். முகாமிலிருந்தோ மலையிலிருந்தோ ஒரு பிள்ளை உங்களிடம் கடிதம் கேட்டு வந்தால், அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வாத்தியார் செய்யத் தவறியது அது.

செம்மேட்டில் பார்த்த அந்தப் பையனுக்குப் பள்ளி மைதானத்தில் வளையம் இல்லையாம். யாராவது வாங்கித் தர முடியுமா? நட்டு வைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.